எருக்கு நட்டும் வண்ணத்துப்பூச்சி வரவில்லையா? வன்னி வளவுகளுக்கான பிழைநீக்கும் வழிமுறை

“வண்ணத்துப்பூச்சிக்கென்று எருக்கு நட்டேன், ஆனால்…” என்று தொடங்கும் கேள்விகளுடன் ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, மாங்குளம் பக்கத்து வீட்டு வளவுகளிலிருந்தும் பாடசாலைத் தோட்டங்களிலிருந்தும் என்னிடம் வருவோர் பலர். ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வருபவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் என்பதால், அவற்றை அறிகுறி வாரியாக இங்கே எழுதிவைக்கிறேன். ஒவ்வோர் அறிகுறியின் கீழும் செலவில்லாத காரணம் முதலிலும் செலவு கூடிய காரணம் இறுதியிலும் வருகின்றன. அந்த வரிசையை மாற்றாமல் சோதித்துப் பாருங்கள். ஏனெனில் நான் நேரில் போய்ப் பார்த்த செடிகளில் பெரும்பாலானவை கவனிப்புக் குறைந்ததால் கெட்டவை அல்ல. தேவைக்கு மேல் தண்ணீர் விட்டதாலும், பொறுத்திருந்து பார்க்காமல் மருந்து அடித்ததாலும் கெட்டவை.

எருக்கு என்று இங்கே நான் சொல்வது ஊதாப் பூ எருக்கையும் பிள்ளையாருக்கு மாலை கட்டும் வெள்ளெருக்கையும் சேர்த்துத்தான். வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சி முட்டையிடுவதும் அதன் புழு தின்று வளர்வதும் இதன் இலையில். வேலிகளில் ஏறும் குறிஞ்சா, நஞ்சறுப்பான், வேலிப்பருத்தி ஆகிய கொடிகளும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. செம்மஞ்சட் பூப் பூக்கும் அமெரிக்க எருக்கைத் தேடி அலையவேண்டிய தேவை வன்னியில் இல்லை.

## எதற்கும் முன்: பால் கண்ணில் பட்டுவிட்டது

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பல வேளைகளில் பெரிய வலி ஏற்படுவதில்லை. ஆனால் சில மணி நேரத்தில் பார்வை புகைமூட்டம் போல மங்கத் தொடங்கும். வலியில்லாத காரணத்தால் “நாளைக்குப் பார்ப்போம்” என்று இருந்துவிடுவதுதான் இதில் உள்ள ஆபத்து. இமையை விரித்துப் பிடித்து, சுத்தமான நீரை 15 நிமிடத்திற்குக் குறையாமல் கண்ணில் ஓடவிடுங்கள். தாய்ப்பால், எண்ணெய் என்று வேறு எதையும் விடாதீர்கள். பார்வை தெளிவாக இருப்பதுபோலத் தோன்றினாலும் அன்றே கண் சிகிச்சைப் பிரிவு உள்ள வைத்தியசாலைக்குப் போய், “எருக்கம்பால் பட்டது” என்று சொல்லுங்கள்.

பிள்ளைகள் இலையையோ பாலையோ விழுங்கிவிட்டால் வீட்டு வைத்தியம் எதுவும் செய்யவேண்டாம். அது இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடிய நஞ்சு. 1990 நோயாளர் காவு வண்டியை அழையுங்கள். ஓர் இலையையும் கையோடு கொண்டுபோங்கள். முள் குத்திய இடத்தில் எருக்கம்பால் விடும் பழக்கம் நம்மிடையே இருப்பதால், இந்தப் பாலைப் பற்றிய அச்சம் பலருக்கு இல்லை. கிளை வெட்டும்போது கையுறையும், முடிந்தால் கண்ணாடியும் அணியுங்கள்; வெட்டிய கையால் முகத்தைத் துடைக்காதீர்கள்.

## அறிகுறி 1: விதை முளைக்கவில்லை, அல்லது முளைத்தது சாய்ந்து விழுகிறது

### மூன்று கிழமை கடந்தும் எதுவும் வரவில்லை

முதலில் விதையைப் பாருங்கள். பச்சைக் காயைப் பிளந்து எடுத்த வெளிறிய விதை முளைக்காது. காய் தானாக வெடிக்கத் தொடங்கும்போது எடுத்த, பழுப்பேறிய, தட்டையான விதையே உதவும். பஞ்சை நீக்கிவிட்டு விதையின் பருமனுக்கு மேல் ஒரு மெல்லிய மண் போர்வை மட்டும் இடுங்கள். ஒரு அங்குல ஆழத்தில் புதைத்துவிட்டுக் காத்திருந்தவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன்.

### முளைத்து இரண்டிலை விட்டபின் அடித்தண்டு கறுத்துச் சாய்கிறது

இது ஈரத்தால் வருகின்ற நாற்றழுகல். கார்த்திகை, மார்கழி அடைமழையில் விதைப்பதே பெரும்பாலும் காரணம். மழை ஓய்ந்து தை பிறந்தபின், பாதிக்குப் பாதி மணல் கலந்த பையில் விதையுங்கள். மேல்மண் காய்ந்த பின்னரே தண்ணீர் விடுங்கள். இதற்குப் பூஞ்சணநாசினி வாங்குவது வீண் செலவு.

## அறிகுறி 2: பிடுங்கி நட்ட செடி வாடி நிற்கிறது

எருக்கின் ஆணிவேர் ஆழமாக இறங்குவது. வீதியோரத்தில் முழங்கால் உயரம் வளர்ந்த செடியைக் கிளப்பி வந்து நட்டால், வேரின் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடும். இலைகளில் முக்கால் பங்கைக் கிள்ளிவிட்டு, ஒரு கிழமை கிடுகு நிழல் கொடுத்துப் பாருங்கள். தண்டு பச்சையாக இருந்தால் அடியிலிருந்து புதுத் துளிர் வரலாம். நகத்தால் சுரண்டும்போது தண்டின் உட்பகுதி பழுப்பாக இருந்தால் அந்தச் செடியை விட்டுவிட்டுத் தடி நடுவதே நல்லது. பெருவிரல் பருமனில், ஒரு முழ நீளத்தில், முற்றிய கிளையை வெட்டி, பால் வடிந்து வெட்டுவாய் காயும்வரை இரண்டு நாள் நிழலில் வைத்து நடவேண்டும். பால் காயுமுன் நட்ட தடி அழுகும். இந்த ஒன்றைக் கவனித்ததும் தடி பிடிக்கவில்லை என்ற முறைப்பாடு எங்கள் பக்கத்தில் வெகுவாகக் குறைந்தது.

### செடி எடுக்கப் போகும் இடம் பற்றி

எருக்கு கைவிடப்பட்ட வெட்டையிலும் குழம்பிய மண்ணிலும் செழித்து வளர்வது. வன்னியில் அப்படிப்பட்ட காணிகள் சில இன்னும் கண்ணிவெடி அகற்றி முடிக்கப்படாதவை. மண்டையோட்டுக் குறிப்பலகையோ சிவப்புக் குறியிட்ட கட்டைகளோ உள்ள இடத்திற்குள் ஒரு அடியும் வைக்கவேண்டாம். மக்கள் புழங்காத காணியில் தோண்டவே வேண்டாம். நடைபாதை ஓரத்துச் செடியிலிருந்து தடியும் விதையும் எடுத்தால் போதுமானது. ஐயத்திற்குரிய பொருள் எதுவும் கண்ணில் பட்டால், தொடாமல், வந்த காலடித் தடத்திலேயே திரும்பி வந்து கிராம அலுவலருக்கோ 119 பொலிஸ் அவசர இலக்கத்திற்கோ அறிவியுங்கள்.

## அறிகுறி 3: இலை மஞ்சளாகிறது

### கீழிலைகள் மட்டும் மஞ்சளாகி உதிர்கின்றன. நுனி நன்றாக இருக்கிறது

சோளகம் வீசும் வைகாசி தொடக்கம் புரட்டாதி வரையான வறட்சியில் இது செடியின் இயல்பு. எதுவும் செய்யவேண்டாம்.

### மேலும் கீழுமாக எல்லா இலையும் வெளிறுகின்றன. மண் எப்போதும் ஈரம்

தண்ணீர் கூடிவிட்டது. மரக்கறிப் பாத்தியின் ஓரத்தில் நட்ட எருக்கிற்குக் கத்தரிக்கும் மிளகாய்க்கும் இறைக்கும் தண்ணீர் போய்ச் சேர்வதே வழக்கமான காரணம். செடியிலிருந்து இரண்டடி தள்ளி, ஓரடி ஆழக் குழி வெட்டி, அது நிறைய நீர் ஊற்றுங்கள். மறுநாட் காலையிலும் குழியில் நீர் நின்றால் அந்த இடம் எருக்கிற்கு ஆகாது. வயலோரத்துக் களிமண்ணில் இப்படி நடக்கும். செங்கபில மண் மேட்டிலும் முல்லைத்தீவுக் கரையோர மணலிலும் இந்தச் சிக்கல் அரிது. நீர் நிற்கும் இடத்திலேயே நடவேண்டியிருந்தால், மண் அணைத்து ஓரடி உயர மேடை அமைத்துத் தடி நட்டால் போதும். வடிகால் குழாய் பதிப்பதுபோன்ற செலவு வேண்டியதில்லை.

### புதிய இலைகள் நாடாவைப்போல ஒடுங்கி முறுகுகின்றன

இதைப் பலர் வைரசு நோய் என்று நினைத்துச் செடியைப் பிடுங்கி எரித்துவிடுகிறார்கள். காலபோக நெல் முளைத்துச் சில கிழமைகளில் அகன்ற இலைக் களைகளுக்கு எம்.சி.பி.ஏ. போன்ற களைநாசினி அடிக்கும் காலத்தில் இது தோன்றினால், முதலில் வயற்பக்கக் காற்றைச் சந்தேகியுங்கள். சோதனை எளியது: வேலியோரப் பூசணி, தக்காளி, பருத்தி ஆகியவற்றின் குருத்தும் அதேபோல முறுகியிருந்தால் அது காற்றில் வந்த களைநாசினிதான். முறுகிய நுனிகளை வெட்டிவிட்டு ஒரு மாதம் பொறுத்திருங்கள். புதிய துளிர் நேராக வந்தால் செடி தப்பியது. அடுத்த போகத்தில், காற்று அடங்கிய காலை வேளையில் அடிக்குமாறு வயற்காரரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மரக்கறியும் சேர்ந்து கருகும் அளவுக்குப் பாதிப்பு இருந்தால் உங்கள் கமநல சேவை நிலையத்தின் விவசாயப் போதனாசிரியரை அழைத்துக் காட்டுங்கள். 1920 விவசாய ஆலோசனை இலக்கத்திலும் கேட்கலாம்.

## அறிகுறி 4: குருத்து முழுவதும் மஞ்சட் பூச்சி, இலையில் பிசுபிசுப்பு

கறுத்த கால்களும் பொன்மஞ்சள் உடலும் கொண்ட இந்த அழுக்கணவன், அலரியிலும் எருக்கிலும் வாழ்வது. உங்கள் பயற்றையோ மிளகாயையோ பிடிக்க வந்ததல்ல. இதன் கூட்டத்தில் எல்லாம் பெண்களே; முட்டையிடாமல் நேராகக் குஞ்சு ஈனுவதால் ஒரு கிழமைக்குள் குருத்தை மூடிவிடும். அதைப் பார்த்துப் பதறி மருந்து அடிப்பதுதான் எருக்கு வளர்ப்பில் செய்யப்படும் மிகப் பெரிய பிழை என்று நான் கருதுகிறேன். அழுக்கணவனைக் கொல்லும் மருந்து, அதே இலையின் அடியில் இருக்கும் வண்ணத்துப்பூச்சிப் புழுவையும் கொல்லும். வேப்பெண்ணெய் இயற்கையானது, ஆகவே தீங்கற்றது என்று நம்புகிறார்கள். அது புழுவின் வளர்ச்சியையும் குலைக்கும். சவர்க்கார நீரும் நேரே பட்டால் சிறு புழுவைக் கொல்லும்.

### கூட்டத்திடையே ஊதிப்போன பழுப்பு நிற உடல்கள் தெரிகின்றன

அவை சிறு குளவியால் உள்ளிருந்து உண்ணப்பட்ட அழுக்கணவன்கள். பொறிவண்டும் அதன் கருமையான முதலை வடிவக் குஞ்சும் தென்பட்டாலும் அதே செய்திதான்: வேலை நடந்துகொண்டிருக்கிறது, பத்து நாள் பொறுத்திருங்கள்.

### எறும்பு வரிசையாக ஏறி இறங்குகிறது

எறும்பு இனிப்பு நீருக்காக அழுக்கணவனைக் காவல் காக்கிறது, பொறிவண்டை விரட்டுகிறது. அத்துடன் வண்ணத்துப்பூச்சியின் முட்டையையும் தூக்கிச் செல்கிறது. செடியைத் தொடும் வேலிக்கம்பு, புல், பக்கத்துக் கிளை ஆகியவற்றை வெட்டி, அடித்தண்டில் ஒரு துணியைச் சுற்றி அதன்மேல் கிறீஸ் பூசுங்கள். இதற்குமேல் ஒன்றும் வேண்டியதில்லை.

### குருத்து சுருண்டு, இலைமேல் கரி படிந்தாற்போல் இருக்கிறது

காலையில் இலையின் அடிப்பக்கத்தைப் புரட்டி முட்டையும் புழுவும் உண்டா என்று பாருங்கள். இல்லாத குருத்தை மட்டும் விரலால் நசுக்கி வழித்துவிடலாம் (கையுறையோடு); அல்லது தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கலாம். மிகவும் கெட்ட கிளையை வெட்டி எறிந்தால் இரண்டு, மூன்று கிழமையில் புதிய துளிர் வரும். வண்ணத்துப்பூச்சி விரும்பி முட்டையிடுவதும் அந்த இளந்துளிரில்தான். யூரியா இட்டு வளர்த்த செடியில் அழுக்கணவன் திரும்பத் திரும்ப வரும். எருக்கிற்குப் பசளையே வேண்டாம். வயலுக்குப் பசளையாகத் தாழ்ப்பதற்கு எருக்கிலை வெட்டிய ஊர் இது.

## அறிகுறி 5: இலைகள் போய்த் தண்டு மட்டும் நிற்கிறது

வெள்ளை, கறுப்பு, மஞ்சள் வளையங்களும் உடலில் மூன்று சோடிக் கறுத்த இழைகளும் உள்ள புழு தின்றிருந்தால், நீங்கள் எருக்கு நட்டதன் நோக்கம் நிறைவேறிவிட்டது. அது வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழு. மயிர்க்கொட்டி அல்ல, தொட்டால் கடிக்காது. இலையைத் தின்னுமுன் நரம்பைக் கடித்துப் பாலை வடியவிடுவதை அருகிருந்து பார்க்கலாம். இரண்டு கிழமை அளவில் அது தின்று முடித்துவிடும். எருக்கு மீண்டும் துளிர்க்கும். செடியொன்றை முற்றாக மொட்டையாக்கிவிட்டு இன்னும் புழுக்கள் பசியோடு அலைந்தால், பிழை புழுவில் இல்லை, செடிகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. மூன்று, நான்கு செடிகளாவது ஒரு வளவில் நிற்கவேண்டும். அவசரத்திற்கு மருந்து அடிக்காத வீதியோரச் செடியிலிருந்து கிளை வெட்டி வந்து நீர்ப்போத்தலில் செருகி வையுங்கள்; போத்தலின் வாயைத் துணியால் அடைக்காவிட்டால் புழு உள்ளே இறங்கி மூழ்கிவிடும்.

இலை ஓரத்தில் ஒழுங்கற்ற பெரிய கடிகள் மட்டும் இருந்து புழு எதுவும் இல்லையென்றால், இரவில் ஒரு கைவிளக்கோடு பாருங்கள்; வெட்டுக்கிளியாக இருக்கும். கையால் பிடித்து அகற்றினால் போதும்.

## அறிகுறி 6: புழுக்கள் மறைகின்றன, அல்லது சாகின்றன

### கொழுத்த புழு ஓரிரவில் காணாமற் போனது

முழு வளர்ச்சியடைந்த புழு செடியை விட்டு நடந்துபோய் வேறோர் இடத்தில் கூட்டுப்புழுவாகும். கிடுகு வேலியின் அடிப்பக்கம், சாளர விளிம்பு, பூந்தொட்டியின் கழுத்து ஆகிய இடங்களில், பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ ஒரு சிறு மணி தொங்குகிறதா என்று தேடுங்கள். தை மாதத்தில் வேலி பிரித்துக் கட்டுவோர் இதைக் கவனிக்கவேண்டும்.

### சிறு புழுக்கள் குறைந்துகொண்டே போகின்றன

ஓணானும் குளவியும் எறும்பும் எடுத்துக்கொள்வது இயல்பு. முட்டையிலிருந்து சிறகு வரை போவது ஒரு சிலவே. எல்லாவற்றையும் காப்பாற்றப் பெட்டிக்குள் நெருக்கமாக அடைத்து வளர்ப்பதை நான் ஊக்குவிப்பதில்லை. நெருக்கத்தில் நோய் விரைவில் பரவும்.

### புழு கறுத்து, தளர்ந்து, தலைகீழாகத் தொங்குகிறது

நோய். அந்தப் புழுவை இலையோடு வெட்டி எடுத்துப் புதைத்துவிட்டு, கத்தரியைக் கொதிநீரில் கழுவுங்கள். புழுவிலிருந்தோ கூட்டிலிருந்தோ வெள்ளை நூல் தொங்கினால் அது ஒட்டுண்ணி ஈ வெளியேறிய அடையாளம். அதற்குச் செய்யக்கூடியது ஏதுமில்லை.

### ஒரே நாளில் எல்லாப் புழுவும் துடித்துச் சாகின்றன

இது நஞ்சு. அன்றோ முதல் நாளோ அயலில் யாரேனும் மருந்து அடித்தார்களா, டெங்குப் புகை அடிக்கப்பட்டதா என்று விசாரியுங்கள். புகை அடிக்கும் நாளைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டியே கேட்டறிந்தால் அன்று செடியை நுளம்பு வலையாலும் சாக்காலும் மூடிவைக்கலாம். நோயைத் தடுக்கும் வேலையைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. யாரும் எதுவும் அடிக்கவில்லையெனில், செடி எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள். ஒருமுறை நாற்றுமேடை ஒன்றில் வாங்கிய, ஒரு கடியும் இல்லாத அழகான வெள்ளெருக்கில் முட்டைகள் பொரித்து, பொரித்த புழுக்கள் முதற்கடியிலேயே செத்து விழுந்ததைக் கண்டேன். வேரால் உறிஞ்சப்பட்டுச் செடி முழுவதும் பரவும் மருந்து அதற்கு ஊற்றப்பட்டிருந்தது. அத்தகைய செடியைக் கழுவிப் பயனில்லை. பூவையும் இலையையும் வெட்டி, பல மாதம் வண்ணத்துப்பூச்சி அணுகாதபடி வலையிட்டு வைப்பதைவிட, அதை அகற்றிவிட்டு வீதியோரத் தடி நடுவதே குறைந்த செலவு.

## அறிகுறி 7: செடி செழிப்பாக இருக்கிறது, வண்ணத்துப்பூச்சி வரவில்லை

முதலில் மாதத்தைப் பாருங்கள். மாரி மழை ஓய்ந்தபின், தை முதல் பங்குனி வரை வந்தவற்றை ஆவணியில் எதிர்பார்த்து வருந்தவேண்டாம். அடுத்து நிழல்: மாமரத்தின் கீழோ தென்னந்தோப்பின் நடுவிலோ நிற்கும் எருக்கை வெந்தய வரியன் தேடுவதில்லை, அது வெட்டை வெளியின் உயிர். அடுத்து இலையின் வயது: முற்றிய, தூசி படிந்த இலைகளே இருந்தால் பாதிக் கிளைகளை முழங்கால் உயரத்தில் வெட்டித் துளிர்க்க விடுங்கள்.

இவை மூன்றும் சரியாக இருந்தும் வராவிட்டால், வளவைத் துப்புரவாக்குவதில் நீங்கள் எதைப் பிடுங்கினீர்கள் என்று கேட்பேன். தேள்கொடுக்கும் கிலுகிலுப்பையும் நம் கண்ணுக்குக் களைகள். ஆனால் ஆண் வரியன்கள் பெண்ணை ஈர்ப்பதற்கு வேண்டிய பொருளை அவற்றிலிருந்தே உறிஞ்சுகின்றன. வாடிய தேள்கொடுக்கில் நீல வரியன்கள் கூட்டமாக மொய்ப்பதை வன்னியில் கண்டவர் பலர். வேலியின் ஒரு மூலையில் அவற்றுக்கு இரண்டு முழ இடம் விட்டுவையுங்கள். நீல வரியனின் புழுவுக்கு எருக்கைவிடக் குறிஞ்சாக் கொடியே ஏற்றது. வறை வறுக்க இலை ஆய்கிறபோது முட்டையிருக்கும் இலைகளை விட்டுவிடலாம்.

### வருகிறது, ஆனால் எருக்கில் முட்டையிடாமல் போகிறது

நன்றாகப் பாருங்கள், அது வேறொன்றாக இருக்கலாம். வெந்தய வரியனைப் பறவைகள் கசப்பென்று தவிர்ப்பதால், அதே தோற்றத்தைப் பூண்ட இன்னொரு வண்ணத்துப்பூச்சியின் பெண் உண்டு. வெந்தய வரியனின் பின்சிறகில் நடுப்பகுதியில் மூன்று அல்லது நான்கு கறுத்த புள்ளிகள் இருக்கும். மற்றதற்கு மேல்விளிம்பருகே ஒரு புள்ளி மட்டுமே. அது முட்டையிடுவது தரையில் படரும் பருப்புக்கீரையில். பாடசாலைப் பிள்ளைகள் இந்த வேறுபாட்டைப் பெரியவர்களைவிட விரைவில் கண்டுபிடிக்கிறார்கள்.

## அறிகுறி 8: பூக்கிறது, காய்ப்பதில்லை

எருக்கம்பூவின் மகரந்தம் தூளாக இராமல் சிறு பொதிகளாக இருப்பதால், அதைத் தூக்கிச் செல்லப் பெரிய கருவண்டு வேண்டும். அது கூடு துளைப்பது காய்ந்த கட்டைகளிலும் கூரைத் தடிகளிலும். துளைக்குள் மண்ணெண்ணெய் ஊற்றி அடைத்த வீட்டில் எருக்குக் காய்க்காதது வியப்பன்று. காய்ந்த பூவரசங்கட்டை ஒன்றை மழை படாமல் வேலியில் கட்டிவிடுங்கள். வீட்டுத் தீராந்திக்கு வண்ணம் பூசினால் அதை அது பெரும்பாலும் துளைக்காது. ஒரே தாய்ச்செடியின் தடிகளை மட்டும் நட்டிருந்தால், வேறோர் ஊரிலிருந்து இன்னொரு தடி கொண்டுவந்து நடுங்கள். அதன்பின் காய் பிடிப்பது கூடியதை நான் கண்டிருக்கிறேன். கூரையின் தாங்குதடி உளுத்துப்போனது என்ற ஐயம் இருந்தால் வண்டைக் குறை சொல்லுமுன் ஒரு தச்சரை அழைத்துக் காட்டவேண்டும்.

## அறிகுறி 9: அயலவரின் முறைப்பாடும் கால்நடையும்

காய் வெடித்தால் பஞ்சோடு விதை காற்றில் பறந்து வயல் வரம்புவரை போகும். விதைக்கென்று இரண்டு காய்களை விட்டுவிட்டு மற்றவற்றைப் பழுப்பேறும்போதே கொய்துவிடுங்கள்; இப்படிச் செய்வதாக அயலவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் முறைப்பாடு எழுவதில்லை.

மாடு பொதுவாக எருக்கை மேய்வதில்லை. ஆனால் கடும் வறட்சியில் கட்டிப்போட்ட ஆடும் கன்றும் எட்டியதைத் தின்னும். வெட்டிய கிளைகளைப் பட்டியருகே குவிக்காதீர்கள். தின்ற கால்நடை வாயில் நுரை தள்ளி, கழிந்து, தள்ளாடினால் எண்ணெய் பருக்கிக்கொண்டு நேரத்தை வீணாக்காமல் அரச கால்நடை வைத்தியரை உடனே அழையுங்கள். எவ்வளவு தின்றது, எத்தனை மணிக்குத் தின்றது என்ற இரண்டையும் அவர் முதலில் கேட்பார்.